பாண் இல்லாத குளிர்காலம் சொன்ன உண்மை

எங்கள் பண்டத்தரிப்பில் காலையில் பாண், இரவில் கோதுமை மாப் புட்டு என்பது சாதாரணம். பெரும்பாலானோருக்கு அதனால் கெடுதல் இல்லை. ஆனால் சிலருடைய குடலை அந்தக் கோதுமையே பழுதாக்குகிறது. அதை நிறுவிக் காட்டியவர் வைத்தியர் வில்லெம் டிக்கே.

1905இல் நெதர்லாந்தின் டோர்ட்ரெக்ட் நகரில் பிறந்த டிக்கே, 1936இல் ஹேக் நகரின் யூலியானா சிறுவர் வைத்தியசாலைக்குப் பொறுப்பானார். ஓயாத வயிற்றோட்டத்தால் மெலிந்து வயிறு ஊதிய சீலியாக் நோய்ச் சிறுவர்கள், பாணை நிறுத்தினால் தேறுவதை அங்கே அவதானித்தார். 1944–45 குளிர்காலப் பஞ்சத்தில் பாண் அரிதாகி, மக்கள் துலிப் கிழங்கு தின்றார்கள். அந்தச் சிறுவர்களோ தேறினார்கள். பாண் திரும்பியபோது நோயும் திரும்பியது. சக ஆய்வாளர்களுடன் மலத்தில் கழியும் கொழுப்பை அளந்து பார்த்தவர், 1950இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகக் கலாநிதி ஆய்வில் கோதுமையே காரணம் என்று எழுதினார். கோதுமையிலுள்ள குளூட்டன் புரதமே குற்றவாளி என்பதும் விரைவில் தெளிவானது. 1962இல் டிக்கே காலமானார்.

இன்று இரத்தப் பரிசோதனையும், தேவையெனில் சிறுகுடல் இழையப் பரிசோதனையும் நோயை உறுதிசெய்கின்றன. வயிற்றோட்டமோ இரத்தச்சோகையோ தீராவிட்டால் வைத்தியரிடம் கேளுங்கள். ஆனால் பரிசோதனைக்கு முன்னரே கோதுமையை நிறுத்திவிடாதீர்கள்; நிறுத்தினால் நோய் இருந்தும் தெரியாமல் போகலாம். நோய் உறுதியானால் அரிசி மாவும் குரக்கனும் ஒடியலும் எங்கள் அடுப்படியிலேயே இருக்கின்றன.