கார் பந்தய வீரர் வெண்டல் ஸ்காட்
ஒரே வெற்றி, கோப்பை வந்தபோது அவர் இல்லை!

அமெரிக்காவில் 'ஸ்டாக் கார்' பந்தயம் என்றால் கூட்டம் அலைமோதும். பார்வைக்குக் கடையில் விற்கும் கார் போலவே இருக்கும். உள்ளே பந்தயத்துக்கான என்ஜின். வட்டப் பாதையில் பல நூறு சுற்றுகள் ஓட்ட வேண்டும். இந்தப் பந்தயங்களை நடத்தும் பெரிய அமைப்பு நாஸ்கார். அதன் முதல்தரப் பந்தயம் ஒன்றில் வென்ற முதல் கறுப்பர் வெண்டல் ஸ்காட்.

1921 ஆகஸ்ட் 29-ந் தேதி வர்ஜீனியா மாநிலத்தில் டான்வில் நகரில் ஸ்காட் பிறந்தார். தந்தை கார் மெக்கானிக். டான்வில் மில் ஊர். பஞ்சாலையும் புகையிலைத் தொழிற்சாலையும்தான் அங்கே பிழைப்பு. இன்னொருவர் அதட்டலுக்குப் பயந்து காலம் தள்ளுவதில்லை என்று ஸ்காட் சிறு வயதிலேயே முடிவு செய்துவிட்டார். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டு டாக்சி ஓட்டினார். 1943-ல் மேரி என்பவரை மணந்தார். இரண்டாம் உலகப் போரில் ராணுவத்தில் பணியாற்றித் திரும்பியதும் சொந்தமாகக் கார் பழுதுபார்க்கும் பட்டறை வைத்தார்.

பட்டறை வருமானம் போதவில்லை. இரவு வேளைகளில் கள்ளச்சாராயம் கடத்தினார். போலீஸ் காரை முந்திச் செல்வதற்காகத் தன் காரின் வேகத்தைத் தானே கூட்டிக்கொண்டார். 1949-ல் ஒரு தடவை பிடிபட்டார்.

போலீசார் சொன்ன பெயர்

1952-ல் டான்வில் மைதானத்தில் பந்தயம் நடத்தியவர்கள், கூட்டம் சேர்க்க ஒரு கறுப்பு ஓட்டுநரைத் தேடினார்கள். நன்றாக ஓட்டக்கூடியவர் யார் என்று போலீசாரிடமே விசாரித்தார்கள். போலீசார் சொன்ன பெயர் ஸ்காட்.

அந்த ஆண்டு மே 23-ந் தேதி முதன்முதலாகப் பந்தயத்தில் இறங்கினார். கூட்டத்தில் பலர் கூச்சலிட்டு அவமதித்தனர். பிறகு வேறு ஊரில் நடந்த நாஸ்கார் பந்தயத்துக்குக் காரை இழுத்துச் சென்றார். கறுப்பர் என்பதால் அங்கே அனுமதி கிடைக்கவில்லை. ஸ்காட் மனம் தளராமல் சிறிய பந்தயங்களில் ஓடினார். அவற்றில் நூற்றுக்கும் மேற்பட்ட வெற்றிகள். 1959-ல் வர்ஜீனியா மாநிலச் சாம்பியன் பட்டமும் வந்தது.

1961-ல் நாஸ்காரின் முதல்தரப் பிரிவான 'கிராண்ட் நேஷனல்' பந்தயத்துக்கு உயர்ந்தார். மற்றவர்களுக்குக் கார் கம்பெனிகளின் பண உதவி, தனித்தனி மெக்கானிக்குகள். ஸ்காட்டுக்கோ பிறர் ஓட்டிக் கழித்த கார், பழைய டயர், பழைய உதிரிபாகம். என்ஜினைக் கழற்றி மாட்டுவதும் அவரே. பந்தயத்தில் ஓட்டுவதும் அவரே. மகன்கள் உதவியாளர்கள்.

எண்ணிப் பார்த்தால்...

1963 டிசம்பர் 1-ந் தேதி. இடம் புளோரிடா மாநிலத்தில் ஜாக்சன்வில். அரை மைல் மண் பாதையில் 200 சுற்றுகள். இன்னும் 25 சுற்றுகள் இருந்தபோது, புகழ்பெற்ற ரிச்சர்ட் பெட்டியை ஸ்காட் முந்தினார். 200 சுற்றுகளையும் முடித்தார். வெற்றிக் கொடி அசையவில்லை! நிற்காமல் மேலும் இரண்டு சுற்று ஓட்டினார். கொடி பக் பேக்கர் என்ற வீரருக்குக் காட்டப்பட்டது. கோப்பையும் அவர் கைக்குப் போயிற்று.

ஸ்காட் ஆட்சேபித்தார். சுற்றுகளை மறுபடியும் எண்ணினார்கள். கூட்டம் கலைந்த பிறகு, ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கழித்து, வென்றவர் ஸ்காட்தான் என்று அறிவித்தார்கள். அதுவும் இரண்டு சுற்று வித்தியாசத்தில்! வென்றவருக்கு அழகி ஒருத்தி முத்தம் தருவது அந்நாள் வழக்கம். வெள்ளைக்காரப் பெண் கறுப்பருக்கு முத்தமிடும் காட்சியைத் தவிர்க்கவே இப்படிச் செய்தார்கள் என்று ஸ்காட் கருதினார். பரிசுப் பணம் 1,000 டாலர் வந்தது. அசல் கோப்பை வரவில்லை.

அதற்காக அவர் பந்தயத்தை விட்டுவிடவில்லை. 1966-ல் ஆண்டு முழுவதற்குமான புள்ளிப் பட்டியலில் 6-வது இடம் பிடித்தார். அடுத்த மூன்று ஆண்டுகளிலும் முதல் பத்துப் பேரில் ஒருவர். 1973 மே மாதம் டல்லடேகாவில் பல கார்கள் மோதிக்கொண்ட விபத்தில் அவர் கார் நொறுங்கியது, படுகாயம் அடைந்தார். அந்த ஆண்டோடு ஓய்வு. மொத்தம் 495 முதல்தரப் பந்தயங்கள். 147 தடவை முதல் பத்து இடங்களுக்குள் வந்தார். முதலிடம் ஜாக்சன்வில்லில் மட்டுமே.

1977-ல் அவர் வாழ்க்கை திரைப்படம் ஆயிற்று. ரிச்சர்ட் பிரையர் ஸ்காட்டாக நடித்தார். ஸ்காட் டான்வில் பட்டறைக்கே திரும்பி, பழையபடி கார் பழுதுபார்த்தார். 1990 டிசம்பர் 23-ந் தேதி, 69-வது வயதில் புற்றுநோயால் இறந்தார்.

2015-ல் நாஸ்கார் தன் புகழ் மண்டபத்தில் அவர் பெயரைச் சேர்த்தது. 2021 ஆகஸ்ட் 28-ந் தேதி, அவருடைய நூறாவது பிறந்தநாளுக்கு முந்தின நாள், டேடோனா பந்தயத் திடலில் ஜாக்சன்வில் வெற்றிக்கான கோப்பையை அவர் குடும்பத்தாரிடம் நாஸ்கார் வழங்கியது. அந்த வெற்றிக்குப் பிறகு 57 ஆண்டுகள் கழிந்திருந்தன.

அதே ஆண்டு அக்டோபரில் பப்பா வாலஸ் என்ற கறுப்பு இளைஞர் முதல்தரப் பந்தயம் ஒன்றில் வென்றார். ஸ்காட்டுக்குப் பின் அந்த வெற்றியைப் பெற்ற முதல் கறுப்பர் அவர்தான். அவர் வென்ற இடம், ஸ்காட்டின் கார் நொறுங்கிய அதே டல்லடேகா.