பாட்டில்லாப் படம் எடுத்த வீணைக் கலைஞர்

தமிழ்ப் படம் என்றால் பாட்டு இருக்க வேண்டும். பாட்டோடு நடனம் இருக்க வேண்டும். நடுவே ஒரு சண்டையும் இருந்தால்தான் ஜனங்கள் டிக்கெட் வாங்குவார்கள். பட முதலாளிகளிடையே இது எழுதாத சட்டமாக இருந்த காலம் அது. அந்தச் சட்டத்தை 1954-இல் ஒரு இளைஞர் மீறினார். பாட்டும் இல்லை, நடனமும் இல்லை, சண்டையும் இல்லை என்று ஒரு படத்தை எடுத்து வெளியிட்டார்.

அவர் சங்கீதம் அறியாதவர் என்று எண்ணிவிட வேண்டாம். பின்னாளில் வீணை என்றாலே அவர் பெயர்தான் நினைவுக்கு வரும் என்ற அளவுக்குக் கீர்த்தி பெற்ற எஸ். பாலசந்தர்தான் அவர்!

சங்கீதக் குடும்பம்

பாலசந்தர் 1927 ஜனவரி 18-ஆம் தேதி சென்னையில் பிறந்தார். தந்தை சுந்தரம் ஐயர் வக்கீல். ஆனால் மயிலாப்பூரிலிருந்த அவர் வீட்டில் சட்டத்தைவிட சங்கீதத்துக்கே மதிப்பு அதிகம். மூத்த மகன் ராஜம், பாபநாசம் சிவனிடம் பாட்டுக் கற்றவர். பின்னர் ஓவியராகவும் புகழ் பெற்றார்.

1934-இல் பிரபாத் கம்பெனி தயாரித்த 'சீதா கல்யாணம்' படத்தில் இந்தக் குடும்பமே நடித்தது. ராஜம் ராமர், தங்கை ஜெயலட்சுமி சீதை, தந்தையே ஜனக மகாராஜா. கூடப் பிறந்தவர்கள் ராமரும் சீதையுமாக வருவதா என்று முணுமுணுத்தவர்கள் அந்நாளில் உண்டு. குழந்தை பாலசந்தருக்கும் அதில் ஒரு வேலை கிடைத்தது: ராவணன் சபையில் கஞ்சிரா வாசிப்பது!

கஞ்சிராவோடு அவர் நிற்கவில்லை. தபலா, ஆர்மோனியம், சிதார் என்று ஒவ்வொரு வாத்தியமாகத் தாமே பழகினார். கடைசியில் வீணை அவரைப் பிடித்துக்கொண்டது. அதற்கும் குரு கிடையாது. தம் காதையும் கைவிரல்களையும் நம்பியே கற்றார். எந்தப் பாதையையும் தாமே வெட்டிக்கொள்ளும் இந்தக் குணம் கடைசிவரை அவரை விட்டு நீங்கவில்லை.

இருபத்தொரு வயதில், 'இது நிஜமா' படத்தில் இரட்டை வேடத்தில் நடித்தார். அதே 1948-இல் 'என் கணவர்' படத்தை டைரக்டும் செய்தார். 1951-இல் ஜூபிடர் நிறுவனத்தின் 'கைதி' வந்தது. நடிப்பு, டைரக்‌ஷன், சங்கீதம் என்று மூன்று பொறுப்புகளையும் அவரே சுமந்தார்.

எஞ்சினீயரைக் கொன்றது யார்?

அந்தச் சமயத்தில்தான் அகிரா குரோசாவா என்ற ஜப்பானிய டைரக்டரின் 'ராஷோமோன்' உலகமெங்கும் பேசப்பட்டது. ஒரே குற்றத்தை நான்கு பேர் நான்கு விதமாகச் சொல்லும் கதை அது. பாலசந்தர் அந்தப் படத்தில் மனத்தைப் பறிகொடுத்தார். ஆனால் கதையை அப்படியே பெயர்த்தெழுத அவர் விரும்பவில்லை. சொல்லும் முறையை மட்டும் எடுத்துக்கொண்டு, சென்னை நகரத்துக் குடும்பம் ஒன்றை அதில் நிறுத்தினார். ஏவி. எம். நிறுவனத்தின் அதிபர் மெய்யப்ப செட்டியார் துணிந்து பணம் போட்டார். ஜாவர் சீதாராமன் வசனம் எழுதியதோடு துப்பறியும் அதிகாரியாகவும் நடித்தார். அதுதான் 'அந்த நாள்'.

1943 அக்டோபரில் ஜப்பானிய விமானம் சென்னையில் குண்டு போட்டது நடந்த கதை. அந்தக் கலவரமான நேரத்தில், ராஜன் என்ற ரேடியோ எஞ்சினீயர் தம் வீட்டிலேயே சுடப்பட்டு இறந்து கிடக்கிறார். கொன்றவர் யார்? சொத்தில் பங்கு கேட்ட தம்பியா? தம்பியின் மனைவியா? அண்டை வீட்டுக்காரரா? ராஜன் இரகசியமாக உறவு வைத்திருந்த நாட்டியக்காரியா? ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். ஒருவர் மேல் மற்றவர் பழி போடுகிறார்கள். ஒவ்வொரு கதையும் உண்மை போலவே இருக்கிறது!

முதலில் வேறொரு நடிகரை ராஜனாக வைத்துப் படப்பிடிப்பு நடந்தது. மெய்யப்ப செட்டியாருக்குத் திருப்தி ஏற்படவில்லை. எடுத்ததை ஒதுக்கிவிட்டு, 'பராசக்தி'யில் புகழ் பெற்றிருந்த சிவாஜி கணேசனை வைத்து மறுபடியும் எடுத்தார்கள். கதாநாயகனே நாட்டைக் காட்டிக்கொடுப்பவன் என்ற வேடத்தைச் சிவாஜியும் தயங்காமல் ஏற்றார்.

தாலியா, தாய்நாடா?

ராஜன் பிறவித் துரோகி அல்ல. தன் திறமையை நாட்டில் எவரும் மதிக்கவில்லை என்ற கசப்பு அவன் நெஞ்சில் விஷமாக ஏறியது. அந்த விஷம் அவனை ஜப்பானுக்கு உளவாளியாக்கியது. அவன் மனைவி உஷாவோ படிக்கும் நாளிலிருந்தே தேசபக்தை. கணவனின் குட்டு ஒரு நாள் அவளுக்கு வெளிப்படுகிறது. கணவனைக் காப்பதா, ஊரைக் காப்பதா? குண்டு பாய்ந்தது அவள் கையிலிருந்த துப்பாக்கியிலிருந்துதான்!

கல்லானாலும் கணவன் என்று பெண்ணுக்குப் போதித்து வந்த படவுலகில் இது எத்தனை பெரிய துணிச்சல்! உஷாவாக நடித்த பண்டரிபாய் அந்தப் பாத்திரத்தின் பாரம் முழுவதையும் தாங்கினார். குடும்ப விசுவாசம் பெரிதுதான். ஆனால் குற்றத்தை மூடி மறைக்கும் போர்வையாக அதை ஆக்கலாமா என்று படம் கேட்டது.

1954 ஏப்ரல் 13-ஆம் தேதி, சித்திரைப் புத்தாண்டுக்கு முந்திய நாள், படம் வெளியாயிற்று. பத்திரிகைகள் பாராட்டின. அகில இந்திய நற்சான்றிதழும் கிடைத்தது. கொட்டகையில் நடந்ததோ வேறு. பாட்டு எப்போது வரும் என்று காத்திருந்த ஜனங்கள் ஏமாந்து எழுந்து போனார்கள். வசூல் படுத்தது. பிற்காலத்தில் அதே படத்தைத் தமிழ்த் திரையின் சிகரங்களில் ஒன்றாகத் தூக்கி வைத்துப் போற்றினார்கள்.

பொம்மைக்குள் குண்டு

தோல்வி கண்டு பாலசந்தர் தம் வழியை மாற்றிக்கொள்ளவில்லை. சொந்தப் பட நிறுவனம் தொடங்கினார். 1962-இல் 'அவனா இவன்', 1964-இல் 'பொம்மை' வந்தன. பணத்தாசையால் கம்பெனி முதலாளியைக் கொல்லச் சதி செய்கிறார்கள். வெடிகுண்டை ஒரு பொம்மைக்குள் வைக்கிறார்கள். பொம்மை கை மாறிக் கை மாறி நகரமெல்லாம் சுற்றுகிறது! இதுதான் 'பொம்மை'யின் கதை. இதில் பாட்டு உண்டு. கே. ஜே. ஏசுதாஸ் தமிழ்ப் படத்துக்கு முதலில் பாடியது இந்தப் படத்தில்தான். 1970-இல் 'நடு இரவில்' வெளியாயிற்று. ஒரு பெரிய வீட்டில் கூடிய உறவினர்கள் ஒவ்வொருவராகக் கொலையுண்ணும் கதை. இரத்த பந்தத்துக்கு நடுவே பணம் புகுந்தால் என்ன ஆகும் என்பதையே அவர் திரும்பத் திரும்பக் காட்டினார்.

அதன்பின் சினிமாவுக்குக் கும்பிடு போட்டுவிட்டு வீணையோடு ஒன்றிவிட்டார். அமெரிக்கா முதலிய நாடுகளில் கச்சேரி செய்தார். 72 மேளகர்த்தா ராகங்களையும் வீணையில் வாசித்து இசைத்தட்டுகளில் பதிந்தார். 1982-இல் பத்ம பூஷண் விருது வந்தது. ஆயினும் அவருக்குள் இருந்த துப்பறிபவர் ஓய்வு பெறவில்லை. சுவாதித் திருநாள் பெயரில் வழங்கும் கீர்த்தனங்கள் அவர் இயற்றியவைதாமா என்று கேள்வி எழுப்பிப் பெரிய விவாதத்தைக் கிளப்பினார். பகை வந்தது, அதற்கு அவர் அஞ்சவில்லை.

தொழில் நகரில் முடிந்த பயணம்

ராஜனைக் கெடுத்தது அறிவுக்கு மதிப்பில்லாத நிலை. படம் வெளிவந்த சில ஆண்டுகளுக்குள் அந்த நிலை மாறத் தொடங்கியது. 1957 மே 20-ஆம் தேதி, பிரதமர் நேரு நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிச் சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். நம் எஞ்சினீயர்கள் நம் மண்ணிலேயே தங்கள் திறமையைக் காட்ட ஒரு நகரமே எழுந்தது. வடக்கே பிலாயில் உருக்காலை நகரம் உருவானதும் அதே காலத்தில்தான்.

அந்தப் பிலாய் நகரில்தான் பாலசந்தரின் வாழ்வு முடிந்தது. கச்சேரிப் பயணமாகப் போயிருந்த இடத்தில், அறுபத்து மூன்றாம் வயதில் காலமானார். 1990-ஆம் ஆண்டு ஏப்ரல் 13-ஆம் தேதி அது. முப்பத்தாறு ஆண்டுகளுக்கு முன்பு, 'அந்த நாள்' திரைக்கு வந்ததும் இதே தேதியில்தான்!