தைத்த கையும் பிரித்த மனமும்

பிரான்சு நாட்டிலே லியோன் என்றொரு நகரம். பட்டு நெசவுக்குப் பேர்போன ஊர். நியாயமான கூலி கேட்டு 1831லும், மீண்டும் 1834லும், தறியாளர்கள் திரண்டெழுந்து படையின் துப்பாக்கிக்கு முன்னே மார்பு காட்டிய ஊர். அந்த ஊருக்கு 1894 ஜூன் 24ஆம் நாள் பிரான்சின் குடியரசுத் தலைவர் சாடி கார்னோ வந்தார். திறந்த வண்டியிலே பவனி சென்றவர் மீது இத்தாலிய வாலிபன் ஒருவன் பாய்ந்து கத்தியைச் செலுத்தினான். கல்லீரலுக்கு இரத்தம் கொண்டு செல்லும் பெருங்குழாய் அறுபட்டது. ஊரிலுள்ள கைதேர்ந்த டாக்டர்கள் எல்லாம் ஓடி வந்தனர். நாட்டின் தலைவர், கேட்டது கிடைக்கும், கருவிக்குப் பஞ்சமில்லை, பணத்துக்குப் பஞ்சமில்லை. ஆயினும் என்ன? நள்ளிரவு கடந்து சிறிது நேரத்தில் அவர் மாண்டார்.

ஏன் மாண்டார்? அறுந்த இரத்தக் குழாயைத் தைக்க அன்று ஆளில்லை! தோலைத் தைப்பார்கள், தசையைத் தைப்பார்கள், குடலைக்கூடத் தைப்பார்கள். இரத்தக் குழாய் என்றால் மட்டும் கை நடுங்கும்.

இந்தச் சாவு லியோன் நகரத்து மருத்துவ மாணவன் ஒருவனின் நெஞ்சிலே தைத்தது. வயது இருபது. பெயர் அலெக்சிஸ் காரல். 1873 ஜூன் 28இல் லியோனை அடுத்த சிற்றூரில், துணி ஆலை வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவன். சிறு பிராயத்திலேயே தந்தையை இழந்து, தாயின் கையில் வளர்ந்தவன். அந்தக் குழாயைத் தைக்கத் தெரிந்திருந்தால் தலைவர் பிழைத்திருப்பார் என்று மூத்த டாக்டர்கள் காதுபடவே சொல்லித் திரிந்தான் அந்த மாணவன். வாய்ப்பேச்சோடு நின்றுவிடவில்லை, வழி காணப் புறப்பட்டான்.

வழி எளிதானதா? இல்லை, தோழர்களே! தண்ணீர்க் குழாய் உடைந்தால், நம் தோழர் ஒருவர் வந்து, இரண்டு முனைகளிலும் மரை போட்டு, நடுவே ஒரு சாக்கெட்டை மாட்டி முறுக்கிவிட்டுப் போகிறார். உடம்பிலே ஓடும் குழாய் அப்படிப்பட்டதல்ல. ஈரத்துணி போல் துவளும். உள்ளே ஓடுவதோ இரத்தம்; உள்பக்கத்து மென்மையான சவ்விலே சிறு கீறல் விழுந்தாலும், நூலின் முரடு தட்டினாலும், அங்கேயே உறைந்து கட்டியாகி வழியை அடைத்துவிடும். தையல் தளர்ந்தால் ஒழுகும். இறுகினால் குழாய் சுருங்கும். ஒழுகினாலும் சாவு, அடைத்தாலும் சாவு.

ஆகவே தைக்காமலே இணைக்கக் கருவி தேடியவர்களும் உண்டு. எர்வின் பயர் என்பவர் 1900இல் மக்னீசிய உலோகத்தால் ஒரு சிறு வளையம் செய்தார். அறுந்த குழாயின் ஒரு முனையை அந்த வளையத்துக்குள் இழுத்து, வெளிப்புறமாக மடித்துவிட்டு, மறு முனையை அதன்மேல் போர்த்திக் கட்டுவது. நாளடைவில் வளையம் உடம்பிலேயே கரைந்து போகும். நல்ல யோசனைதான். ஆனால் மெல்லிய குழாய்களுக்கு வளையமே பாரமாயிற்று.

காரல் எங்கே போனார் தெரியுமா? பெரிய பேராசிரியரிடமா? இல்லை. லியோனிலே பட்டுத் துணியில் பூத்தையல் போடுவதில் பேர்பெற்ற லெரூதியே என்ற அம்மையாரிடம் போனார். டாக்டர் படிப்புப் படித்தவர், தையற்காரியிடம் பாடம் கேட்டார். கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய ஊசியைப் பிடிப்பது எப்படி, பட்டிழையை அறாமல் இழுப்பது எப்படி, துணி சுருங்காமல் தையல் போடுவது எப்படி என்பதெல்லாம் அந்த அம்மையாரின் விரல்கள் அறிந்த வித்தை. அந்த வித்தையை இந்த விரல்கள் கற்றன.

1902இல் தமது முறையைக் காரல் வெளியிட்டார். என்ன முறை அது? வட்டமான குழாயைச் சுற்றித் தைக்கும்போதுதான் பிசகு நேர்கிறது. எனவே இரண்டு முனைகளையும் எதிரெதிரே வைத்து, சுற்றளவில் சம இடைவெளி விட்டு மூன்று இடங்களில் மூன்று நூல்களால் பிணைத்தார். அந்த மூன்று நூல்களையும் மூன்று பக்கம் மெல்ல இழுத்தால் என்ன ஆகும்? வட்டம் முக்கோணமாகும். வளைந்த ஓரம் நேர்க்கோடாகும். நேர்க்கோட்டைத் தைப்பதா கடினம்? ஒரு பக்கம் தைத்து, திருப்பி மறுபக்கம் தைத்து, மூன்றாம் பக்கத்தையும் முடித்துவிட்டால் குழாய் ஒன்றாகிவிடும். நூலை வாசலினில் தோய்த்து வழுவழுப்பாக்கினார். உட்சவ்வு உட்சவ்வையே தொடும்படி ஓரங்களைச் சேர்த்தார். தூசு, அழுக்கு, கிருமி எதுவும் அண்டாதபடி அவர் காத்த தூய்மையும் வெற்றிக்குப் பாதிக் காரணம்.

சொந்த ஊரில் அவருக்கு மதிப்பில்லை. லூர்து நகரத்துக்கு யாத்திரை சென்ற நோயாளிப் பெண்ணொருத்தி குணமடைந்ததைக் கண்டேன் என்று 1902இல் அவர் சொல்லப்போக, சக டாக்டர்கள் முகம் சுளித்தனர். அற்புதத்தை நம்புவதா என்று கேட்டதில் தவறில்லை. அதற்காகக் கைத்திறனையும் சேர்த்து ஒதுக்கியதுதான் தவறு. ஆஸ்பத்திரிப் பதவி கிட்டவில்லை. 1904இல் கடல் கடந்து கனடா சென்றார், பிறகு சிகாகோ. அங்கே சார்லஸ் கத்ரி என்ற அமெரிக்கருடன் சேர்ந்து, நாய்களிடம் தமனியோடு தமனி, தமனியோடு சிரை, ஒரு குழாயின் துண்டை எடுத்து மற்றொன்றில் ஒட்டு என்று எத்தனையோ சோதனைகள் நடத்தினார். சிறுநீரகத்தையே எடுத்து இடம் மாற்றிப் பொருத்தினார். 1906இல் நியூயார்க் நகரின் ராக்பெல்லர் ஆய்வு நிலையம் அவரை அழைத்துக்கொண்டது.

1908இல் ஓர் இரவு. நியூயார்க் டாக்டர் ஒருவரின் வீட்டில், பிறந்து சில நாட்களே ஆன பெண் குழந்தை இரத்தம் ஒழுகிச் செத்துக்கொண்டிருந்தது. காரலை அழைத்து வந்தனர். தந்தையைக் குழந்தையின் பக்கத்தில் படுக்க வைத்து, அவர் மணிக்கட்டின் தமனியைக் குழந்தையின் காலிலுள்ள சிரையோடு காரல் தைத்தார். குழந்தையின் குழாய் எவ்வளவு மெலிதாக இருந்திருக்கும், எண்ணிப் பாருங்கள்! தந்தையின் இரத்தம் பாய்ந்தது, வெளுத்துக் கிடந்த உடல் சிவந்தது, ஒழுக்கு நின்றது, குழந்தை பிழைத்தது. லெரூதியே அம்மையார் கற்றுத் தந்த தையல் கடல் கடந்து ஓர் உயிரைக் காத்தது.

1912இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு காரலுக்குக் கிடைத்தது. கூட உழைத்த கத்ரிக்குப் பங்கில்லை. தையல் சொல்லித் தந்த அம்மையாரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பலர் கை சேர்ந்து செய்த வேலை, ஒருவர் கழுத்தில் மாலையாக விழுவது ஆலைகளில் மட்டுமா நடக்கிறது?

முதல் உலகப் போரிலே பிரான்சு திரும்பிய காரல், டேக்கின் என்ற வேதியியல் அறிஞரோடு சேர்ந்து, சீழ் பிடித்த காயங்களை மருந்து நீரால் விடாமல் கழுவும் முறையை வகுத்தார். அதனால் கைகால் பிழைத்த சிப்பாய்கள் பலர். இதுவரை சொன்னது போற்றத்தக்க காரலின் கதை. இனிச் சொல்லப்போவதும் அதே காரலின் கதைதான்.

1935இல் மனிதனைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். பல மொழிகளில் பரவி, பல பதிப்புகள் கண்ட புத்தகம். அதிலே என்ன சொன்னார்? உழைப்பாளி உழைப்பாளியாகக் கிடப்பதற்குக் காரணம் சுரண்டலல்ல, அவன் உடலிலும் மனத்திலும் பரம்பரையாக வந்த குறை என்றார். பிறப்பிலேயே மேலோர் உண்டு, அவர்களைப் பெருக்க வேண்டும் என்றார். கொடுங்குற்றம் புரிந்தவர்களையும், குற்றமிழைத்த மனநோயாளிகளையும் நச்சுவாயுவால் தீர்த்துக்கட்டுவதே சிக்கனம் என்றார். அந்தப் புத்தகத்தின் ஜெர்மன் பதிப்புக்கு எழுதிய முன்னுரையில், குறையுடையோர் பெருகாமல் தடுக்கிறது என்று இட்லர் அரசைப் பாராட்டினார். வாயு எங்கே போய் முடிந்தது என்பதை உலகம் பின்னர் கண்டது.

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! எந்த உழைப்பாளிப் பெண்ணின் விரல் நுனியிலிருந்து தம் வித்தையைக் கற்றாரோ, அந்த உழைப்பாளிக் கூட்டத்தையே பிறவிக் குறையுடையது என்றார். அறுந்ததை இணைக்கக் கற்ற கை, மனிதரை மேல் கீழ் என்று அறுத்துப் போடும் புத்தகத்தை எழுதிற்று.

1941இல், இட்லரிடம் மண்டியிட்ட விஷி அரசு அவருக்கு ஒரு பெரிய ஆய்வு நிறுவனத்தை அமைத்துக் கொடுத்தது. 1944 ஆகஸ்டில் பாரிசு விடுதலையானதும் பதவி பறிபோயிற்று. அந்த ஆண்டு நவம்பர் 5ஆம் நாள் இதய நோயால் இறந்தார். லியோன் மருத்துவக் கல்லூரி ஒன்றுக்குச் சூட்டியிருந்த அவர் பெயரை, 1996இல் எடுத்துவிட்டார்கள்.

பெயர் போயிற்று, தையல் போகவில்லை. 1954இல் பாஸ்டன் நகரில் இரட்டையருக்குள் சிறுநீரகம் மாற்றி வெற்றி கண்டபோதும், நம் வேலூர் மருத்துவமனையில் 1971இல் சிறுநீரகம் மாற்றியபோதும், அடிப்படை வேலை குழாயோடு குழாயை இணைப்பதுதான். டயாலிசிசுக்குச் செல்லும் தோழரின் கையிலே தமனியையும் சிரையையும் சேர்த்து வைக்கிறார்களே, 1966இல் நியூயார்க் டாக்டர்கள் அறிவித்த அந்த முறைக்கும் மூலம் இந்தத் தையலே. கருவிகளும் வளர்ந்தன. மாஸ்கோவில் குதோவ் என்ற பொறியாளர், காகிதத்துக்குப் பின் அடிப்பதுபோல் இரத்தக் குழாய்களுக்குப் பின் அடித்து இணைக்கும் கருவியை 1940களின் நடுவிலே செய்தார். ஜப்பானிய டாக்டர் நகயாமா 1962இல் இரண்டு வளையங்கள் செய்தார். ஒன்றின் முட்கள் மற்றதன் துளைகளில் பொருந்தி, இரு குழாய்களையும் கவ்விக்கொள்ளும். அதன் வழிவந்த வளையங்களைச் சிரைகளை இணைக்க இன்றும் பயன்படுத்துகிறார்கள்.

வளையம் கேட்பதில்லை, இது எந்தக் குலத்துக் குழாய் என்று. ஊசி கேட்பதில்லை, இது முதலாளியின் தமனியா தொழிலாளியின் சிரையா என்று. ஏழையின் சிறுநீரகம் செல்வர் உடம்பிலும் வேலை செய்யும். மறுத்துத் தள்ளும் உடல்களும் உண்டு. அங்கேயும் சாதிக்கோ பட்டயத்துக்கோ இடமில்லை, பொருத்தத்துக்கே இடம். காரலின் புத்தகத்துக்கு மறுப்பு எழுத வேறு ஆள் வேண்டாம். காரலின் தையலே மறுப்பு.

பெரியவர் ஒருவர் நல்லது செய்தார் என்பதற்காக அவர் சொன்னதையெல்லாம் தலைமேல் தூக்கிக் கொள்வது நமது வழியல்ல. தீயது சொன்னார் என்பதற்காக அவர் செய்த நல்லதை வீசி எறிவதும் நமது வழியல்ல. பகுத்துப் பார்ப்போம். தையலை ஏற்போம், அந்தத் தத்துவத்தைத் தள்ளுவோம். நோபல் பரிசு பெற்றவரின் பெயரோடு, பரிசு பெறாத பூத்தையல் அம்மையாரின் பெயரையும் சேர்த்தே சொல்வோம்.