கம்பிவேலிக்குள் ஒரு தளபதி

மயிலாப்பூரிலிருந்தோ அடையாற்றிலிருந்தோ கிண்டி வழியாகப் பரங்கிமலைக்குப் போயிருப்பீர்கள். அங்கிருந்து பூவிருந்தவல்லிக்குச் செல்லும் சாலையில், நந்தம்பாக்கத்தில், பசும்புல் வெளியில் வரிசை வரிசையாகக் கல்லறைகள் இருப்பதைக் கண்டிருக்கலாம். இரண்டாம் உலகப் போரில் உயிர் நீத்த வீரர்களுக்காக 1952-ல் அமைக்கப்பட்ட தோட்டம் அது. மாண்டவர்களுக்குக் கல் உண்டு. கல்லில் பெயரும் உண்டு. மாளாமல் பகைவர் கையில் அகப்பட்டு, முள்கம்பிக்குள் நாட்களை எண்ணிக் கிடந்தவர்களுக்கு அப்படி எதுவும் இல்லை. அவர்களுள் ஒருவர் நம் தமிழகத்தவர். பின்னாளில் இந்தியத் தரைப்படைக்கே தலைவரானவர். அவர்தான் ஜெனரல் பரமசிவ பிரபாகர் குமாரமங்கலம்.

அவர் 1913-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் பிறந்தார். திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலம் ஜமீன் குடும்பம் அவருடையது. தந்தை டாக்டர் சுப்பராயன் 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதன்மை அமைச்சராக இருந்தவர். தாயார் ராதாபாயை நாம் இன்னும் அதிகமாக அறிந்திருக்க வேண்டும். 1930-ல் லண்டனில் நடந்த முதல் வட்டமேஜை மாநாட்டுக்கு இந்தியாவிலிருந்து சென்ற இரண்டே பெண்களில் அவர் ஒருவர். மூன்று ஆண் மக்களும் ஒரு பெண்ணும் அவருக்கு. மூத்தவர் பரமசிவம், அடுத்தவர் கோபால், பிறகு மோகன், மகள் பார்வதி.

பரமசிவம் இங்கிலாந்தில் பயின்றார். ஊல்விச் ராணுவக் கல்லூரியில் தேறி 1933-ல் அதிகாரியானார். அதுவரை பீரங்கிப் படையில் இந்தியர் அதிகாரியாவதற்கு இடமே இல்லாதிருந்தது. 1935-ல் பெங்களூரில் இந்தியர்களைக் கொண்ட முதல் பீரங்கிப் படையணி அமைக்கப்பட்டபோது, அந்தக் கதவைத் திறந்து நுழைந்த முதல் சிலருள் இவரும் ஒருவர்.

பிறகு போர் வந்தது. அந்த வீட்டின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். மூத்த மகன் ஆங்கிலேயரின் படையில் மேஜர். இளைய மகன் மோகனோ கேம்பிரிட்ஜில் படித்துத் திரும்பிய பொதுவுடைமைவாதி. 1941-ல் சென்னைச் சதி வழக்கில் அதே ஆங்கிலேயரின் சிறையில் இருந்தார். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்!

1942-ஆம் ஆண்டு மே மாதம், வட ஆப்பிரிக்காவின் லிபியப் பாலைவனம். பீர் ஹக்கீம் என்ற இடத்தின் அருகே மூன்றாவது இந்திய மோட்டார் படையணி நிறுத்தப்பட்டது. அதனுடன் இருந்த இரண்டாவது பீல்டு ரெஜிமென்டில் ஒரு பீரங்கிப் பிரிவுக்கு குமாரமங்கலம் தலைவர். படையணி வந்து சேர்ந்து சரியாகக் குழி வெட்டி முடிப்பதற்குள்ளாகவே ஜெர்மன் தளபதி ரோம்மல் தெற்கே சுற்றிக்கொண்டு வந்துவிட்டார். மே 27 காலை விடியும் வேளையில் இத்தாலியரின் அரியேட்டே டாங்கிப் படை நேரே பாய்ந்தது. இருபத்தைந்து பவுண்டு குண்டு எறியும் அந்தப் பீரங்கிகள் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவில், கண்ணுக்குத் தெரியாத இலக்கைச் சுடுவதற்கே முக்கியமாகப் பயன்பட்டவை. அன்று அவற்றின் குழாயைத் தாழ்த்தி, எதிரே புழுதியில் வரும் டாங்கியை நேருக்கு நேர் சுட வேண்டியதாயிற்று. பல டாங்கிகள் அங்கே சிதைந்தன. ஆயினும் எண்ணிக்கையின் முன் அந்த அணி நிற்க முடியவில்லை. ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. அந்தப் பாலைவனப் போரில் காட்டிய தீரத்துக்காக டி.எஸ்.ஓ. என்னும் உயர்ந்த விருது குமாரமங்கலத்துக்குக் கிடைத்தது. அவரோ கைதியானார்.

கடல் கடந்து இத்தாலிக்குக் கொண்டுபோனார்கள். நேப்பிள்ஸ் நகரின் அருகே அவேர்சா முகாமில் இந்திய அதிகாரிகளைத் தனியே வைத்தனர். போர்க் கைதிகளை நடத்தும் முறை பற்றி 1929-ல் ஜெனீவாவில் ஓர் ஒப்பந்தம் எழுதப்பட்டிருந்தது. அதன்படி அதிகாரிகளை வேலை வாங்கக் கூடாது. கேட்பதற்குச் சுகம் போலத் தோன்றும். ஆனால் வேலையில்லாத பகல் எவ்வளவு நீளம் என்பதை நோயில் படுத்துக் கிடந்தவர்கள் அறிவார்கள். காலையும் மாலையும் தலை எண்ணுவது, வீட்டிலிருந்து எப்போதோ வரும் கடிதம், செஞ்சிலுவைச் சங்கத்தின் உணவுப் பொட்டலம் — இவைதாம் அந்த நாட்களின் திருவிழாக்கள்.

முகாமிலிருந்த இந்தியருள் மூத்தவர் என்பதால் தலைமைப் பொறுப்பு குமாரமங்கலத்தைச் சேர்ந்தது. அவருக்கு அட்ஜுடண்டாக நிர்வாகத்தைக் கவனித்தவர் யாஹ்யா கான். உணவு, உடை, சாமான்களைப் பங்கிடும் குவார்ட்டர் மாஸ்டர் டிக்கா கான். யாகூப் கானும் அங்கேதான் இருந்தார். அப்போது பாகிஸ்தான் என்றொரு நாடு இல்லை. எல்லோரும் ஒரே படையினர். ஒரே கம்பிவேலிக்குள் இருந்த இந்தியர்.

1943-ல் இத்தாலி சரணடைந்ததும் முகாம்களின் காவல் தளர்ந்தது. ஆயிரக்கணக்கான கைதிகள் மலைப்பக்கம் ஓடினார்கள். தப்பியவர்களுக்கு அடைக்கலம் தருவோருக்கு மரண தண்டனை என்று ஜெர்மானியர் அறிவித்திருந்தும், ஏழைக் குடியானவர்கள் மாட்டுத் தொழுவத்தில் ஒளித்து வைத்து, தங்கள் ரொட்டியைப் பிட்டுக் கொடுத்தனர். குமாரமங்கலமும் தப்பினார். ஆனால் வழியில் விழுந்து கணுக்கால் முறிந்தது. கால் போனபின் ஓட்டம் ஏது? மறுபடி பிடிபட்டார். யாஹ்யா கான் தம் படையினரிடம் போய்ச் சேர்ந்துவிட்டார். குமாரமங்கலமோ ஜெர்மனியில் ஸ்டாலக் லுஃப்ட் 3 என்னும் கடுங்காவல் முகாமுக்கு அனுப்பப்பட்டார். 1944 மார்ச்சில் 76 விமானப்படையினர் சுரங்கம் வழியே தப்பிய முகாம் அது. அவர்களில் பிடிபட்ட ஐம்பது பேர் ஹிட்லரின் ஆணைப்படி சுட்டுக் கொல்லப்பட்டார்கள். போர் முடிந்த பிறகுதான் குமாரமங்கலம் தாயகம் திரும்பினார்.

ஆங்கிலேயருக்காகப் போரிட்டவர்தானே என்று சிலர் முகம் சுளிக்கலாம். அதே காலத்தில், நம் கடற்கரைச் சாலையிலுள்ள ராணி மேரி கல்லூரியில் படித்த டாக்டர் லட்சுமி, நேதாஜியின் படையில் எதிர்த்தரப்பில் நின்று, 1945-ல் பர்மாவில் ஆங்கிலேயரிடம் கைதியானார். இருவரையும் ஒரே மூச்சில் வணங்குவதில் எனக்குத் தயக்கம் ஏதும் இல்லை.

சுதந்திர இந்தியாவில் படிப்படியாக உயர்ந்தார் குமாரமங்கலம். தேவலாலி பீரங்கிப் பள்ளிக்குத் தலைவரானார். பிறகு கிழக்குப் பிராந்தியத் தளபதி. 1965-ல் பாகிஸ்தானுடன் போர் மூண்டபோது அவர் துணைத் தலைமைத் தளபதி. அந்த ஆண்டில் சாம்ப் முனையில் எதிரிப் படையை நடத்தியவர் யாஹ்யா கான். கட்ச் பகுதியில் படை நடத்தியவர் டிக்கா கான். ஒரு காலத்தில் இவருக்காகக் கணக்கெழுதி ரொட்டியைப் பங்கிட்டவர்கள்! 1966 ஜூனில் குமாரமங்கலம் இந்தியத் தரைப்படைத் தலைவரானார். அந்தப் பதவிக்கு வந்த முதல் தமிழர் அவரே. அதே ஆண்டு செப்டம்பரில் பாகிஸ்தான் படைக்குத் தலைவரானார் யாஹ்யா கான். அவேர்சா முகாமின் தலைவரும் அட்ஜுடண்டும் எல்லையின் இரு புறமும் இரண்டு பெரும் படைகளை வைத்துக்கொண்டு நின்றார்கள். கதையில் எழுதினால் நம்ப மாட்டோம்.

அவர் தலைமையில் இருந்தபோதுதான் 1967-ல் சிக்கிம் எல்லையில் நாதுலாவிலும் சோலாவிலும் சீனரை நம் வீரர்கள் எதிர்த்து நின்றனர். 1969 ஜூனில் பொறுப்பை மானெக்‌ஷாவிடம் ஒப்படைத்து ஓய்வு பெற்றார். மறு ஆண்டு பத்ம விபூஷண் விருது வந்தது. 1971-ல் டாக்காவில் மக்கள் மீது படையை ஏவ மனமின்றிப் பதவியைத் துறந்த யாகூப் கானும், அவர் இடத்துக்கு வந்து ஏவிய டிக்கா கானும், ஆணையிட்ட யாஹ்யா கானும் அவருடைய பழைய முகாம் தோழர்களே.

யாஹ்யா கான் 1980-ல் மறைந்தார். 2000-ஆம் ஆண்டு மார்ச் 13 அன்று தமது எண்பத்தாறாம் வயதில் குமாரமங்கலம் காலமானார். டிக்கா கான் இரண்டு ஆண்டுகள் கழித்துப் போனார். யாகூப் கான் 2016 வரை இருந்தார்.