ஜகதீச சந்திர போஸ்

பெருஞ்செயல் புரிந்தார் யாவரும் பெருங்கருவிகளைப் பெற்றிருந்தனர் என எண்ணுதல் பொருந்தாது. கைக்கெட்டிய சிறு கருவியின் குறை எங்குள்ளது எனப் பொறுமையுடன் நாடி, அதனை அவ்விடத்தே களைந்தவரும் பெரும்பயன் எய்தியுள்ளனர். இவ்வுண்மைக்குச் சான்றாய் விளங்குவது ஜகதீச சந்திர போஸ் அவர்களின் வாழ்க்கை.

இவர் 1858ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 30ஆம் நாள் வங்காளத்திற் பிறந்தார். தந்தையார் பகவான் சந்திர போஸ் அரசாங்க அலுவலர்; எனினும் மகனை முதற்கண் தாய்மொழிப் பள்ளியிலேயே சேர்த்து, எளியோர் மக்களுடன் ஒருங்கிருந்து பயிலச் செய்தார். பின்னர்க் கல்கத்தாவில் தூய சவேரியார் கல்லூரியில் லஃபோன் அடிகளார் இவருக்குப் பௌதிகத்தின் சுவையை ஊட்டினார். 1880இல் மருத்துவம் கற்க இலண்டன் சென்றவரைக் காய்ச்சல் விடாது வருத்தியது. ஆகவே அதனைக் கைவிட்டுக் கேம்பிரிட்ஜ் புகுந்து, ராலே பிரபு முதலியோரிடம் இயற்கை நூல் பயின்றார்.

1885இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் ஆசிரியரானார். ஐரோப்பிய ஆசிரியர் பெற்றதினும் குறைந்த ஊதியமே இவருக்கு விதிக்கப்பட்டது. தந்தையார் கடனுள் ஆழ்ந்திருந்த காலம் அது. ஆயினும் இவர் அவ்வூதியத்தைத் தொடாமலே மூன்றாண்டுகள் பாடஞ் சொல்லி வந்தார். ஈற்றில் முழு ஊதியமும் நிலுவையுடன் வழங்கப்பெற்றது. அதுகொண்டு கடன் தீர்த்தார்.

1894இல், தம் முப்பத்தாறாம் பிறந்தநாளில், ஆராய்ச்சிக்கே வாழ்வை அளிப்பதென உறுதி பூண்டார். கல்லூரியில் ஆய்வுக்கூடம் இல்லை. ஒரு சிற்றறையும், இவரே பழக்கிய தகரக் கொல்லன் ஒருவனுமே துணை. ஹெர்ட்ஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் கண்ட மின்னலைகளை மிகச் சிறியனவாக எழுப்புதல் இவர் கருத்து.

கருவி முதலில் நிலையாக இயங்கவில்லை. பொறி பாயுந்தோறும் உலோகக் குண்டுகளின் வழவழப்பான மேற்பரப்பு கருகிச் சொரசொரப்பாகும்; உடனே அலையின் வலி குன்றும். இது கண்ட போஸ், பொறி பாயும் பரப்பிற்கு எளிதிற் கெடாத பிளாட்டினத்தைப் பயன்படுத்தினார். இடையறாது பொறி எழுப்பும் துடிப்பியை நீக்கி, வேண்டியபொழுது ஒரே பொறி எழுமாறு அமைத்தார். அலை பக்கங்களிற் கசிந்து அளவையைக் கெடுக்காவண்ணம் மின்சுருளை உலோகப் பெட்டியுள் அடைத்தார். அலையை உணருங் கருவியிலும் குறை இருந்தது. உலோகத்தூள் நிறைத்த குழாய் ஒருகால் உணரும், ஒருகால் உணராது. தூளை அகற்றி, நுண்ணிய எஃகுச் சுருள்விற்களை வரிசையாகப் பதித்து, அவற்றின் அழுத்தத்தைத் திருகாணியால் திருத்தும் வகை செய்தார். இங்ஙனம் ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் நீளமே உடைய அலைகளும் இவருக்கு வசப்பட்டன. முறுக்கிய சணலும், இடையிடையே தகட்டுத்தாள் செருகிய புத்தகமுமே இவர்க்கு ஆய்வுக் கருவிகளாயின.

1895இல் கல்கத்தா நகர மண்டபத்தில் இவர் எழுப்பிய அலை சுவர்களை ஊடுருவிச் சென்று, மணியை ஒலிப்பித்து, வெடிமருந்தைப் பற்றவைத்தது. 1897இல் இலண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் அறிஞர் முன்னிலையில் தம் கருவியை இயக்கிக் காட்டினார். பின்னர்த் தாவரங்களின் உணர்ச்சியை ஆராயப் புகுந்து, 1917இல் தம் பெயரால் ஆராய்ச்சி நிலையம் நிறுவி, 1920இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகி, 1937இல் கிரிதியில் இறைவனடி சேர்ந்தார்.

மறைமலை நகர், ஒரகடம் முதலிய தொழிலூர்களை அடுத்து வாழும் நம் மாணவருள் டெஸ்லா சுருளைத் தம் கையாற் செய்து பார்ப்பார் உளர். பொறி சிறுத்தால் மேலும் மேலும் மின்னழுத்தத்தை ஏற்றுதலே வழியென அவர் கருதலாகாது. பொறியிடைவெளியின் முனைகள் கருகினவா, முதற்சுருளும் இரண்டாஞ்சுருளும் ஒரே அதிர்வுக்கு இசைந்தனவா, நிலத்தொடர்பு செவ்விதா என, மின்னை நிறுத்தி, தேக்கியில் எஞ்சிய மின்னையும் போக்கியபின், ஒவ்வொன்றாக நோக்குதல் வேண்டும். வலிமை குறைந்ததன்று, வழி அடைபட்டுள்ளது என்பதே பெரும்பாலும் உண்மையாம். கல்கத்தாவின் சிற்றறையில் போஸ் கண்ட வழியும் இதுவே.