ட்ரெட்மில் முதலில் சிறைக்குத்தான் வந்தது: காற்றுக்கே கடிவாளம் போட்ட வில்லியம் கியூபிட்டின் கதை

ஜிம்மில் ட்ரெட்மில் மேல ஏறுகிறீர்கள். இன்க்லைனை 15-க்கு உயர்த்தி, வேகத்தை 4-ல் வைத்து நடக்கிறீர்கள். ரெண்டே நிமிஷத்தில் மூச்சு வாங்குகிறது. அடியில் இருக்கிற மோட்டாரும் நம்மைப் போலவே கஷ்டப்பட்டு பெல்ட்டை இழுக்கிறது என்றுதானே நினைப்போம்? சரிவு அதிகமாக இருக்கும்போது, பல நேரங்களில் நடப்பது நேர் எதிர். பெல்ட்டை ஓட்டுவது உங்கள் உடல் எடை. மோட்டார் அதை ஓடவிடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

இந்தப் பிரச்னை புதுசு இல்லை. 200 வருஷத்துக்கு முன்னாடி, ட்ரெட்மில் என்ற பெயருடன் வந்த முதல் இயந்திரத்தில் மோட்டாரே கிடையாது. மனிதர்களின் எடைதான் அதை ஓட்டியது. அதை வடிவமைத்தவர் வாழ்க்கையைத் தொடங்கியதே, கட்டுக்கடங்காமல் சுற்றும் ஒரு சக்கரத்தை எப்படி அடக்குவது என்ற கேள்வியில்தான்.

யார் இந்த வில்லியம் கியூபிட்?

1785-ல் இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் பிறந்தவர். அப்பா ஜோசப், தானியம் அரைக்கும் ஆலை நடத்தியவர். கியூபிட்டுக்குப் பெரிய படிப்பு எதுவும் இல்லை. சின்ன வயதில் ஆலையில் அப்பாவுக்கு உதவி, பிறகு மரச்சாமான் செய்பவரிடம் சில வருடங்கள் தொழில் பழகல், அப்புறம் விவசாயக் கருவிகள் செய்யும் வேலை. அவ்வளவுதான் அவரது பயோடேட்டா.

(கூகுளில் தேடினால் குழம்பிவிடாதீர்கள். அதே காலத்தில் இன்னொரு வில்லியம் கியூபிட் இருந்தார். அவர் கட்டட கான்ட்ராக்டர், லண்டன் மேயராகவும் இருந்தவர். நம்ம ஆள் இன்ஜினீயர்.)

ஆலைக்காரர் வீட்டுப் பிள்ளைக்குக் காற்று எப்படிப்பட்ட முதலாளி என்பது தெரியும். அந்தக் காலத்துக் காற்றாலை இறக்கைகள் மரச்சட்டங்கள். அவற்றின் மேல் பாய்த்துணி விரித்திருப்பார்கள். காற்று கம்மியா இருந்தா துணியை முழுசா விரிக்கணும், அதிகமா இருந்தா சுருட்டணும். இதைச் செய்ய ஆலையை நிறுத்தி, ஒவ்வொரு இறக்கையாகக் கீழே கொண்டுவர வேண்டும். திடீர்னு புயல் வந்துட்டா? இறக்கைகள் தாறுமாறாகச் சுற்ற ஆரம்பிக்கும். மேலே பெரிய பல்சக்கரத்தைச் சுற்றி மரக்கட்டைகளால் ஆன பிரேக் ஒன்று இருக்கும். அதை இறுக்கினால் உராய்வில் தீப்பொறி பறக்கும். மரத்தால் ஆன ஆலைக்குள் தீப்பொறி, சுற்றிலும் மாவுத்தூசி. இப்படி எரிந்துபோன ஆலைகள் நிறைய.

அதாவது வேகம் எகிறிய பிறகு பிரேக் போட்டால் ஆபத்து. வேகம் எகிறாமலே பார்த்துக்கொள்வதுதான் தீர்வு.

1807-ல், 22 வயசில், கியூபிட் ஒரு புதிய இறக்கைக்குக் காப்புரிமை வாங்கினார். துணிக்குப் பதில், இன்று ஆபீஸ் ஜன்னல்களில் பார்க்கிற பிளைண்ட்ஸ் மாதிரி வரிசையாகத் திறந்து மூடும் பலகைகள். எல்லா இறக்கைகளின் பலகைகளும் ஒரே கம்பியில் இணைந்திருக்கும். அந்தக் கம்பி அச்சின் நடுவில் உள்ள துளை வழியாக ஆலையின் பின்பக்கம் போகும். அங்கே ஒரு சங்கிலியில் எடைக்கற்கள் தொங்கும். காற்று ஓங்கி அடித்தால் பலகைகள் தானாகவே திறந்துகொண்டு காற்றை வழியவிடும். காற்று தணிந்ததும் எடைக்கற்கள் அவற்றை இழுத்து மூடிவிடும். ஆலைக்காரர் செய்ய வேண்டியது, எவ்வளவு எடை தொங்கவிடுவது என்று முடிவு செய்வது மட்டும்தான். ஆலையை நிறுத்தவே வேண்டாம்.

இந்த யோசனையின் பகுதிகள் அவருக்கு முன்பே இருந்தன. திறந்து மூடும் பலகையை ஸ்காட்லாந்தின் ஆண்ட்ரூ மெய்க்கிள் 1772-லேயே செய்துவிட்டார். ஆனால் ஒவ்வொரு இறக்கையையும் தனித்தனியாகச் சரிசெய்ய வேண்டியிருந்தது. எல்லாவற்றையும் ஒரே பிடியில் கொண்டுவந்தது கியூபிட்தான். இன்றும் இங்கிலாந்தில் மிச்சமிருக்கும் பழைய காற்றாலைகள் பலவற்றில் இந்த வகை இறக்கைகளைப் பார்க்கலாம்.

சிறைக்குள் போன சக்கரம்

1812-ல் இப்ஸ்விச் நகரில் இருந்த ரான்சம் நிறுவனத்தில் சேர்ந்தார். விவசாயக் கருவிகள், இரும்பு வார்ப்பு, பாலம் என்று வேலை. அங்கிருந்தபோதுதான், 1818 வாக்கில், மிதிசக்கரம் பிறந்தது. பக்கத்தில் இருந்த பரி செயின்ட் எட்மண்ட்ஸ் சிறையில் கைதிகள் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அவருக்கு இந்த யோசனை வந்ததாகச் சொல்வார்கள்.

மனிதர்கள் நடந்து சுற்றும் சக்கரம் என்பது ரோமானியர் காலத்திலேயே உண்டு, கிரேன்களில் பயன்பட்டது. அதில் ஆள் சக்கரத்துக்கு உள்ளே நடப்பார். கியூபிட் அவர்களை வெளியே கொண்டுவந்தார். நீளமான உருளை, அதைச் சுற்றிப் படிகள். கைதிகள் வரிசையாக நின்று, மேலே உள்ள கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். மேல் படியில் கால் வைத்ததும் அது உடல் எடையால் கீழே இறங்கும். உடனே அடுத்த படி. முடிவே இல்லாத மாடிப்படி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1821-ல் லண்டனின் பிரிக்ஸ்டன் சிறையில் பெரிய அளவில் இது நிறுவப்பட்டு, தானியம் அரைத்தது. அடுத்த வருடமே நியூயார்க் சிறைக்கும் போய்விட்டது.

இங்கேதான் வேகக் கட்டுப்பாடு கொடூரமான வடிவம் எடுக்கிறது. ஒருவர் களைத்துவிட்டார், மெதுவாக ஏறலாம் என்று நினைத்தால் முடியாது. பக்கத்தில் இருப்பவர்களின் எடை சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இருக்கும். அவர் ஏறாவிட்டால் படி அவரைக் கீழே இறக்கிவிடும். ஆலையில் அரைக்கத் தானியம் இல்லாத நாட்களில் என்ன செய்வது? சுமை இல்லாவிட்டால் சக்கரம் வேகமெடுத்துவிடும். அதனால் சில சிறைகளில் அச்சைக் கூரையின் மேல் ஒரு பெரிய விசிறியுடன் இணைத்தார்கள். காற்றின் எதிர்ப்புதான் அங்கே பிரேக். சக்கரம் சீராகச் சுற்றும், எந்தப் பயனும் இருக்காது. கைதிகள் இதைக் காற்றை அரைப்பது என்று சொல்லிவந்தார்கள். கியூபிட்டின் காற்றாலையைத் தலைகீழாகத் திருப்பிப் போட்ட மாதிரி.

லண்டனின் கோல்ட்பாத் ஃபீல்ட்ஸ் சிறையில் இருந்த சக்கரத்தில் 24 படிகள், ஒவ்வொன்றுக்கும் இடையே 8 அங்குலம். நிமிடத்துக்கு ரெண்டு சுற்று. அதாவது நிமிடத்துக்குச் சுமார் 10 மீட்டர் உயரம் ஏற வேண்டும். இதை ஜிம் கணக்கில் மாற்றினால்? இன்க்லைன் 15, வேகம் 4. ஆமாம், நாம ஆரம்பத்தில் பார்த்த அதே செட்டிங். நாம் அரை மணி நேரத்தில் இறங்கி புரோட்டீன் ஷேக் குடிப்போம். அவர்கள் இடையிடையே சிறு ஓய்வுடன் நாள் முழுக்க ஏறினார்கள், அரைவயிற்றுச் சாப்பாட்டில்.

எதிர்ப்பும் எழாமல் இல்லை. 1823-லேயே ஜான் காக்ஸ் ஹிப்பிஸ்லி என்பவர், இது உடலைக் கெடுக்கிறது, கையால் சுற்றும் இயந்திரம் வைக்கலாம் என்று புத்தகமே போட்டார். சக்கரம் நிற்கவில்லை. 1895-ல் தண்டனை பெற்ற எழுத்தாளர் ஆஸ்கார் வைல்டும் பென்டன்வில் சிறையில் இதில் ஏறியவர்தான். 1898-ம் ஆண்டு சிறைச் சட்டத்துக்குப் பிறகுதான் பிரிட்டனில் இது ஒழிந்தது.

இதற்கிடையில் கியூபிட் எங்கேயோ போய்விட்டார். 1826-ல் லண்டனுக்குக் குடிபெயர்ந்து கால்வாய், துறைமுகம், ரயில் பாதை என்று பெரிய பெரிய வேலைகள். டோவர் அருகே ரயில் பாதைக்குக் குறுக்கே நின்ற ஒரு சுண்ணாம்புக் குன்றை, 1843 ஜனவரி 26 அன்று 18,500 பவுண்ட் வெடிமருந்து வைத்து ஒரே நேரத்தில் சரித்தார். 1851 லண்டன் கண்காட்சிக்கான கிரிஸ்டல் பேலஸ் கட்டுமானத்தை மேற்பார்வையிட்டதற்காக சர் பட்டம் கிடைத்தது. 1861 அக்டோபர் 13-ல் லண்டனில் காலமானார்.

இன்றைய ட்ரெட்மில்லில் யார் பிரேக் போடுவது?

80 கிலோ எடை உள்ளவர் 15 சதவீதச் சரிவில் நின்றால், சுமார் 12 கிலோ எடைக்குச் சமமான விசை அவரைச் சரிவில் கீழ்நோக்கித் தள்ளும். பெல்ட் ஓடுவதும் அதே திசையில்தான். பெல்ட்டுக்கும் அடிப்பலகைக்கும் இடையே உள்ள உராய்வு அதைத் தடுக்கும். ஆனா எடையும் கூடுதல், சரிவும் கூடுதல், பெல்ட்டுக்கு இப்பதான் ஆயில் போட்டிருக்காங்க என்றால் உராய்வு தோற்றுவிடும். பெல்ட் மோட்டாரை ஓட்ட ஆரம்பிக்கும்.

வேகத்தை அளக்கும் சென்சார் இதைக் கண்டுபிடித்துவிடும். பிரச்னை அடுத்த கட்டத்தில். எளிமையான கன்ட்ரோலர்களால் மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் குறைக்க முடியும், நிறுத்த முடியும். பின்னோக்கி இழுத்துப் பிடிக்க முடியாது. அதனால்தான் சில மெஷின்களில் செங்குத்தாக, மெதுவாக நடக்கும்போது கால் வைத்ததும் பெல்ட் வழுக்கி ஓடுவது போலத் தோன்றும். நல்ல கன்ட்ரோலர் அந்த நேரத்தில் மோட்டாரை ஜெனரேட்டராக மாற்றிவிடும். நம் எடை உண்டாக்கும் மின்சாரம் ஒரு ரெசிஸ்டருக்குள் போய்ச் சூடாகக் கரையும். அந்த இழுவைதான் பிரேக். நிரந்தரக் காந்தம் உள்ள மோட்டாராக இருந்தால் கரண்ட் போனாலும் இது வேலை செய்யும், ரிலே ஒன்று மோட்டாரின் ரெண்டு முனைகளையும் ரெசிஸ்டரோடு சேர்த்துவிட்டால் போதும்.

இது யாருக்கு முக்கியம் என்றால், வேகமாக ஓடுபவர்களுக்கு இல்லை. வேகமாக ஓடும்போது பெரும்பாலும் மோட்டார்தான் இழுக்க வேண்டியிருக்கும். மெதுவாக, செங்குத்தாக நடப்பவர்களுக்கு. இதய நோயாளிகளுக்கு எடுக்கும் டிஎம்டி டெஸ்ட்டை நினைத்துப் பாருங்கள். பரவலாகப் பயன்படும் ப்ரூஸ் முறையில் முதல் மூன்று நிமிடம் 10 சதவீதச் சரிவு, மணிக்கு வெறும் 2.7 கிலோமீட்டர் வேகம். அடுத்த மூன்று நிமிடம் 12 சதவீதம், 4 கிலோமீட்டர். நெஞ்சு வலி என்று வந்தவர், உடம்பில் வயர்களோடு, கம்பியைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். பெல்ட் சொன்ன வேகத்தைத் தாண்டி ஓடினால் ரிசல்ட்டும் தப்பாகும், ஆளும் விழுவார்.

அவர் கையெட்டும் தூரத்தில் சிவப்பு பட்டன் ஒன்று இருக்கும். கியூபிட்டின் சக்கரத்தில், ஏறுபவர் கைக்கு அப்படி எதுவும் கொடுக்கப்படவில்லை.