துயரைத் தொண்டாக்கிய அம்மையார்

1870இல் இராணிப்பேட்டையில் பிறந்த அமெரிக்கப் பெண்மணி ஐடா ஸ்கடர், இந்நாட்டில் தங்கிப் பணிபுரிய விரும்பாதவர். நோயுற்ற தாயைப் பேண, நம்மவர் பலர் வாழும் திண்டிவனத்திற்கு வந்திருந்தார். ஓரிரவில் மனைவியரின் பேறுகாலத்திற்கு உதவி வேண்டி மூவர் வந்தனர். ஆண் மருத்துவரான தந்தையை அவர்கள் ஏற்கவில்லை. மூன்று பெண்களும் மாண்டனர். அத்துயரே அவரை மருத்துவம் பயிலச் செய்தது.

1900இல் மருத்துவராகத் திரும்பிய சில மாதங்களிலேயே தந்தை மறைந்தார். ஆயினும் தளராது வேலூரில் ஒரு சிற்றறையில் சிகிச்சையைத் தொடங்கினார். 1902இல் மருத்துவமனையும், 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் எழுந்தன. பள்ளிக்கு இடர் நேர்ந்தபோது, எழுபது வயதைக் கடந்தும் 1941இல் அமெரிக்கா சென்று நிதி திரட்டினார். பழனி மலைமேல் கொடைக்கானலில் ஓய்வுக்காலத்தைக் கழித்து, 1960இல் அங்கேயே மறைந்தார்.

நம் இல்லங்களிலும் இழப்புகள் நேர்வதுண்டு. அழுது ஓய்ந்தபின் அடுத்த கடமையைக் கையில் எடுப்போமாயின், உளவலிமை தானே வளரும் என்பதை இவ்வம்மையாரிடம் நாம் கற்கிறோம்.